பதினைந்து அங்குலத் தோள்

ஃபிர்தௌஸின் தோள் பதினைந்து அங்குலம். மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தொன்பது. சூளகிரிக்கு அப்பால் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஆயத்த ஆடைக் கம்பெனியின் சாம்பிள் அறைச் சுவரில், பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையொன்றில் இந்த எண்கள் தொங்கின. அட்டையில் அவள் பெயர் இல்லை. ‘பாடி – எம்’ என்று மட்டும் இருந்தது. வெளிநாட்டுக் கடைகள் கேட்கும் நடுத்தர அளவுக்கு அவள் உடம்பு அச்சாகப் பொருந்தியதால், மூன்று வருடங்களாக எந்தப் புது உடுப்பும் முதலில் அவள் மேல்தான் ஏறியது. மற்ற நேரங்களில் அவளும் அங்கே சாம்பிள் தைப்பவள்.

“பாடியக் கூப்புடு” என்று முனிவேல் மாஸ்டர் குரல் கொடுப்பார்.

“தோ, தூக்கிட்டு வர்றாங்க. மாலை வாங்கியாச்சா மாஸ்டர்?” என்பாள் பக்கத்து மெஷின் ராசாத்தி. தினமும் இதே கேலிதான். தினமும் யாராவது ஒருவர் சிரிப்பார்.

சாம்பிள் அறையில் மொத்தம் ஏழு பேர். கிழக்குப் பக்கம் ஜன்னல் உண்டு. மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கெழுதும் பலகை அங்கே கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக மெஷின் போட்ட பன்னிரண்டு லைன்கள். அங்கே ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் அந்தப் பலகை இருந்தது; அதன் கீழே நின்று சூப்பர்வைசர் “பேகா, பேகா” என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருப்பார். ஃபிர்தௌஸ் அப்படியொரு லைனில் நான்கு வருடம் இருந்தவள். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எழுந்து போக வேண்டிவராது என்று கணக்குப் போட்டு, நாள் முழுக்க நாக்கு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவள். சாம்பிள் அறைக்கு வந்த முதல் வாரம் ஒரு பாட்டில் தண்ணீரை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் குடித்துப் பார்த்தாள். அது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளும்படியான விஷயமாக இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அவள் தோளில் வைத்து அளவு சரிபார்த்த உடுப்புகள் கப்பலேறிப் போய், பெயர் தெரியாத ஊர்களில் பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்ப்பதுண்டு. அத்தனை பேருடைய தோளிலும் அவள் தோள் இருக்கும். பர்கூரிலிருந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வரும்போது, புர்காவுக்குள் கையைக் கட்டிக்கொண்டு பனியைப் பார்த்தபடி, இதையே நினைப்பாள். கணவன் நசருல்லாவுக்கு இந்த வேலையில் ஒரே ஒரு நிபந்தனை: முகம் தெரியக் கூடாது. கம்பெனிக்கும் முகம் தேவைப்படவில்லை. வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்குக் காட்டும் கேமரா கழுத்துக்குக் கீழேதான் பார்த்தது.

ஆகஸ்டில் அவள் இளைக்க ஆரம்பித்தாள்.

முதலில் வளையல் கழன்று விழுந்தது. பிறகு நெஞ்சு காரணமில்லாமல் படபடத்தது, ஊரே போர்த்திக்கொள்ளும் காலையிலும் அவளுக்கு மட்டும் வியர்த்தது. கிருஷ்ணகிரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, மாத்திரை போட்டால் நாலைந்து மாதத்தில் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்றார். நாலைந்து மாதம் என்பதை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அட்டையைப் பார்த்து அவளை அளப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு ஆள் தேடுவார்கள். பழைய ஆள் லைனுக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்த சரோஜம்மாள் அப்படித்தான் போனாள்.

செப்டம்பரில் உள்ளே இரண்டு உள்ளாடை போட்டுக்கொண்டாள். அக்டோபரில் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றினாள். டிசம்பர் முதல் திங்களன்று, மகள் ஆஃப்ஷீனின் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைத் தடித்த சுடிதார் டாப்புக்குள் போட்டுக்கொண்டாள். மெரூன் நிறம், கையில்லாதது, மகளுக்குச் சின்னதாகிப்போனது, அவள் உடம்பில் இறுக்கமாக உட்கார்ந்தது.

மெர்ச்சண்டைசர் அனிதா டேப்பைச் சுற்றி, அட்டையைப் பார்த்தாள். வெளிநாட்டு வியாபாரியிடம் பேசி ஆர்டரை நடத்துவது அவள் வேலை. திருப்பூர்ப் பெண், வயது இருபத்தாறு.

“சூப்பருங்க்கா. நாங்கெல்லாம் வாரம் ஒரு கிலோ ஏறறோம், நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க.”

“அவ என்னா திங்கறா, ஏறறதுக்கு?” என்றாள் ராசாத்தி. “என்னைய அளந்து பாருங்க மேடம். இடுப்பு எல்லு, வாயி டபுள் எக்ஸெல்லு.”

ஃபிர்தௌஸும் சிரித்தாள். அவளுக்கு முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அந்த வாரம்தான் ஒரு புதுக் கோட்டுக்கான துணி வந்தது. காகிதத்தில் ஜாக்கெட் என்று இருந்தாலும் சாம்பிள் அறையில் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. ஜாக்கெட் என்றால் அவர்களுக்குச் சேலைக்குள் போடுவது. இது கோட்டு. குளிர் தொடங்கும் மாதங்களுக்கானது. துணி வெண்ணெய் நிறம், இடையிடையே கருப்பும் நீலமுமாக நூல். பரப்பு முழுக்கச் சின்னச் சின்னச் சுருளாக நூல் எழும்பி நின்றது, செம்மறிக் குட்டியின் முதுகைத் தடவியதுபோல் இருந்தது. காலர் இல்லை. முன்புறம் நாலு பை, ஓரமெல்லாம் நூலைப் பிரித்துவிட்ட குஞ்சம். நகம் பட்டால் சுருள் இழுத்துக்கொண்டு வரும் என்பதால் மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி டிராயரில் வைக்கச் சொன்னார் முனிவேல். ஃபிர்தௌஸுக்குக் கழற்ற ஒன்றுமில்லை. எல்லாம் தானாகவே கழன்றுவிட்டிருந்தன.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அந்த நாட்டில் காலையாகும் நேரத்தில், லேப்டாப் திரையில் ஆர்டர் கொடுத்த கடையின் வெள்ளைக்காரப் பெண் கையில் காபிக் கோப்பையோடு வந்தாள். ஃபிர்தௌஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு தரையில் ஒட்டிய நாடாவின்மேல் நின்றாள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல அனிதா தமிழில் சொன்னாள்.

“திரும்புங்கக்கா. கை தூக்குங்க. உங்களையே கட்டிப்பிடிச்சுக்கங்க. உக்காருங்க.”

கட்டிப்பிடித்துக்கொண்டபோது அக்குளில் பிடித்தது. ஸ்வெட்டரின் கைப்பக்கத்துப் பட்டி கனமாகப் பின்னப்பட்டது. கோட்டின் கை பொருந்தும் வளைவு, அவர்கள் ஆர்ம்ஹோல் என்று சொல்வது, சரியாக அந்தப் பட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. துணியில் ஒரு சுருக்கம் விழுந்தது. திரையில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஆர்ம்ஹோல் டைட்டா இருக்குதுன்றாங்க மாஸ்டர்” என்றாள் அனிதா. “அரை இஞ்ச் இறக்கணுமாம். முதுகுப் பக்கம் கால் இஞ்ச் சேர்க்கணுமாம்.”

முனிவேல் கிட்டே வந்து சுருக்கத்தைப் பார்த்தார். விரலால் தொடவில்லை, ஃபிர்தௌஸை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, ஸ்கேலால்தான் சுட்டிக்காட்டுவார்.

“வராதே மேடம். நான் வெட்டுன கை அங்க பிடிக்காதே.”

“பிடிக்குதே மாஸ்டர். கண்ணுக்குத் தெரியுது பாருங்க.”

“தெரியுது” என்றார் அவர். ஸ்கேலைக் கீழே வைத்தார். “இறக்கிடலாம். வயசாவுதில்ல. கை பழைய கை இல்ல.”

அவர் வேறொரு அட்டையை எடுத்து, துணி வெட்டுவதற்கான புதுப் பேட்டர்னைக் கோடு போட்டு வெட்டுவதை ஃபிர்தௌஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடம் தன் மனசில் என்ன இருந்தது என்று பிறகு பலமுறை யோசித்தாள். குற்ற உணர்ச்சி என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். ஆனால் அப்போது இருந்தது தப்பித்தோம் என்ற நிம்மதி மட்டும்தான்.

மாற்றிய அளவில் இரண்டாவது கோட்டைத் தைக்கும் வேலை அவளிடமே வந்தது. கையைக் கோட்டில் பொருத்தும்போது இரண்டு முறை பிரித்தாள். பிரிக்கும்போது சுருள் நூல் பிய்ந்துவிடாமல் ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டியிருந்தது. வியாழன் மதியம் முடித்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் உடை மாற்றும் திரைக்குப் பின்னால் போய், காற்றுக்காகத்தான், ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழற்றியவள், கோட்டைப் போட்டுப் பார்த்தாள்.

தையல்காரிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. கையைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. ஆர்ம்ஹோல் கீழே இறங்கினால் கை தூக்கும்போது உடுப்பு முழுவதும் கூடவே ஏறும். பஸ் கம்பியைப் பிடித்தால், அலமாரி மேல்தட்டில் எதையாவது எடுத்தால், பின்பக்கம் எழும்பி முதுகு தெரியும். இந்த எம் அளவை வைத்துத்தான் சின்ன அளவும் பெரிய அளவும் போடுவார்கள். எல்லாக் கோட்டிலும் இந்தத் தப்பு போகும்.

ஹேங்கரில் முதல் கோட்டு இருந்தது, மாஸ்டர் முதலில் வெட்டியது. அதையும் போட்டுப் பார்த்தாள். மார்பில் தொளதொளத்தது. ஆனால் தோள் எலும்பு இளைப்பதில்லை. தோளில் அது கை வைத்ததுபோல உட்கார்ந்தது. கையைத் தூக்கினாள். கோட்டு தன் இடத்தில் இருந்தது.

அப்போது கண்ணாடியைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் நூறு உடுப்பாவது போட்டிருப்பாள். யாரும் பார்க்காமல் போட்டது இதுதான் முதல் தடவை. அந்த வெண்ணெய் நிறம் அவள் கழுத்துக்கு நன்றாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, அதையெல்லாம் மீறி, ஒரு பெண் நன்றாக உடுத்திக்கொண்டு எங்கேயோ கிளம்புவதுபோல் இருந்தது. அழகாக இருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்ததும், ஊரில் யாராவது கேட்டுவிட்டதுபோலத் திரையை இழுத்துவிட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் பர்கூர் வரும்வரை அந்தப் பழைய கற்பனையை எடுத்துப் பார்த்தாள். தூர ஊர்ப் பெண்கள், பேருந்து நிறுத்தம், கோட்டு. அது ஓடவில்லை. அவர்கள் கை தூக்கியதும் கோட்டு எழும்பியது. அந்தக் கோட்டுகளில் இருந்தது அவள் தோள் இல்லை. அவளும் ஒரு ஸ்வெட்டரும் சேர்ந்த, எங்கேயும் இல்லாத ஒருத்தியின் உடம்பு அது. மாஸ்டர் தன் கையைச் சந்தேகப்பட்டது அவளை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவும் செய்தது, கொஞ்சம். ஆனால் நிஜமாக உறுத்தியது மற்றதுதான், அந்தத் தோள் தன்னுடையதாக இல்லாமல் போனதுதான். இதைக்கூடத் தனக்குத்தானே சுற்றி வளைத்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

வீட்டில் ஆஃப்ஷீன், “அம்மா, என் பழைய ஸ்வெட்டரப் பாத்தியா? பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் குடுக்கலாம்ன்னு தேடறேன்” என்றாள்.

“இருக்கும் பாரு, எங்கயாவது” என்றாள் ஃபிர்தௌஸ். அது அவள் பையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி திரை, மறுபடி காபிக் கோப்பை. ஸ்வெட்டரைப் போட்டு, மேலே டாப்பு, மேலே இரண்டாவது கோட்டு. திரும்பினாள், கட்டிப்பிடித்துக்கொண்டாள், உட்கார்ந்தாள்; கை தூக்கச் சொல்ல இந்த முறை யாருக்கும் தோன்றவில்லை. எங்கேயும் பிடிக்கவில்லை. திரையில் இருந்த பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

“ஓகேங்க மாஸ்டர்! அப்ரூவ்டு” என்று அனிதா பேனாவை எடுத்தாள். முனிவேல் தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

“மேடம், அத எழுதாதீங்க” என்றாள் ஃபிர்தௌஸ்.

“என்னக்கா?”

“மைக்க மூடுங்க.”

அனிதா ஒன்றும் புரியாமல் மூடினாள். ஃபிர்தௌஸ் உடை மாற்றும் திரைக்குப் பின்னால் போனாள். கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினாள்; அவசரத்திலும் சுருள் சிக்காமல் மாட்டினாள். வெளியே வந்தபோது அவள் கையில் மெரூன் ஸ்வெட்டர் இருந்தது. வெட்டும் மேஜைமேல் அதை வைத்தாள்.

அறையில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

“அடிப்பாவி” என்றாள் ராசாத்தி. “பள்ளிக்கூடத்து ஸ்வெட்டரு. எத்தன நாளா?”

“திங்கக்கெழமையில இருந்து இது. முன்னாடி வேற.”

அனிதா டேப்பை எடுத்து அளந்தாள். மார்பு முப்பத்து மூன்றரை. இன்னொரு முறை அளந்தாள். “ஏனுங்க்கா இப்படிப் பண்ணீங்க? உடம்புக்கு முடியலைன்னா சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா லைனுக்கு அனுப்பியிருப்பீங்க.”

திரையில் அந்தப் பெண் வாயசைத்தாள், கையை ஆட்டினாள். “நெட்வொர்க் போச்சுன்னு சொல்லிடறேன்” என்று அனிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லேப்டாப் பக்கம் போனாள்.

முனிவேல் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. ஸ்வெட்டரை எடுத்து மேஜையில் விரித்தார். தன் முதல் பேட்டர்னை மேலே வைத்தார். பட்டி கை வளைவின்மேல் துல்லியமாக வந்து படுத்தது. அதன் கனத்தை ஸ்கேலால் அளந்தார்.

“பாருங்க” என்றார். “இந்தப் பட்டிதான். தோ பாருங்க. பிடிக்காம என்ன பண்ணும்? எங் கையில தப்பில்ல.” சுற்றி இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் காட்டினார். ஃபிர்தௌஸிடமும் காட்டினார், அவளுக்குத் தெரியாத சங்கதிபோல. “நீயே பாரும்மா. ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு.”

அவருக்குக் கோபமே வரவில்லை என்பது அவளுக்கு வினோதமாக இருந்தது. கோபப்படும் அளவுக்கு அவர் அவளைப் பற்றி நினைக்கவில்லை. கோட்டைப் பற்றி நினைத்தார். அந்த அறையில் அவள் நினைத்ததும் அதைத்தான் என்பதால், அவரோடு ஒருவித நெருக்கம் தோன்றியது. அதைக் காட்டுவதற்கு வழி எதுவும் இல்லை.

அரைமணி நேரத்தில் மூன்றாவது லைனிலிருந்து ரேவதி என்ற சாமல்பட்டிப் பெண்ணைக் கூட்டி வந்தார்கள். அளந்தார்கள். முப்பத்தாறு, இருபத்தொன்பது, பதினைந்து. அவளுக்கு முதல் கோட்டைப் போட்டுக் கேமரா முன் நிறுத்தினார்கள். “இது எதுக்குக்கா?” என்று ரேவதி பயந்த குரலில் கேட்டாள். “சும்மா நில்லு, போட்டோ எடுத்துக் கல்யாணத்துக்குக் குடுப்பாங்க” என்றாள் ராசாத்தி. ரேவதி கையைத் தூக்கினாள். கோட்டு அசையவில்லை. திரையில் இருந்த பெண் மறுபடி கட்டைவிரலைத் தூக்கினாள். உடம்பு மாறியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஃபிர்தௌஸ் ஏழாவது லைனில் உட்கார்ந்தாள். குழந்தைகள் பேன்ட், எலாஸ்டிக் பட்டி. மணிக்கு எழுபது. தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள்; முதல் நாள் அது மூடி திறக்காமல் வீட்டுக்குத் திரும்பியது.

“லைனுன்னா என்னா, சாம்பிளுன்னா என்னா? அதே கம்பெனிதான, அதே பஸ்தான” என்றான் நசருல்லா.

“ஆமா” என்றாள் அவள். மூன்று வருடம் அங்கே என்ன வைத்திருந்தாள் என்று அவனுக்குச் சொன்னதில்லை. இல்லாமல் போனதை எப்படிச் சொல்வது? ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டு ஆஃப்ஷீனிடம் கொடுத்தாள். கட்டில் அடியில் கிடந்தது என்றாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள், பலகையில் பதினோரு மணிக் கட்டம் நிரம்பும் நேரத்தில், அனிதா ஏழாவது லைனுக்கு வந்தாள். சூப்பர்வைசரிடம் ஏதோ பேசினாள். அவர் முகத்தைச் சுளித்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார், ஒரு மணி நேரம்தான் என்று.

“அக்கா, இப்ப என்ன அளவுல இருக்கீங்க?” என்று அனிதா கேட்டாள். “அந்தக் கோட்டுக்கு எல்லா சைஸும் தச்சாச்சுங்க. ஆளுக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் கட்டிங் விடணும். எஸ் சைஸுக்கு ஆள் சிக்கல.”

சாம்பிள் அறைக்குள் போனபோது ஜன்னல் வெயில் மேஜைமேல் இருந்தது. சுவர் அட்டை அப்படியே இருந்தது. அதே பெயர், அதே எண்கள். அவள் மெஷினில் ரேவதி உட்கார்ந்து பட்டன்துளையைப் பழகிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டாடி எம் பாடி” என்று ராசாத்தி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “உள்ள என்னா போட்டிருக்க, மொதல்ல அதக் காட்டு.”

“ஒண்ணுமில்லடி.”

“நம்ப மாட்டேன். மாஸ்டர், தட்டிப் பாத்து வாங்கிக்கங்க.”

அனிதா அளந்தாள். முப்பத்து நாலு. டாக்டர் சொன்னதைவிடத் தாமதமாக மாத்திரை வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. வந்த அரை அங்குலம் அதன் கணக்கு. எஸ் அளவுக்கு இன்று சரி. இன்னும் இரண்டு மாதத்தில் அதுவும் சரியாக இருக்காது. எம் அளவுக்கு அவள் திரும்பும்போது அங்கே ரேவதி இருப்பாள்.

முனிவேல் ஹேங்கரிலிருந்து கோட்டை எடுத்து நீட்டினார். ராசாத்தி தைத்தது. ஃபிர்தௌஸ் அதைப் போட்டுக்கொண்டு, தரையில் ஒட்டிய நாடாவின்மேல் நின்றாள். மார்பில் தொளதொளப்பு இல்லை. சின்ன அளவுக்குத் தோளைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். தையல் அவள் தோள் முனைக்குக் கால் அங்குலம் உள்ளே நின்றது.

“தோள் மட்டும் உள்ள வருது மாஸ்டர்” என்றாள்.

“உனக்குத் தோள் எம்மு, உடம்பு எஸ்ஸு” என்றார் அவர், ஸ்கேலை வைத்துப் பார்த்தபடி. “கோட்டுல தப்பில்ல.”

“இல்ல மாஸ்டர். தப்பில்ல.”

திரை ஒளிர்ந்தது. அந்தப் பெண் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தாள், கோப்பையோடு. கழுத்துக்குக் கீழே பார்த்தாள்.

“கை தூக்குங்கக்கா” என்றாள் அனிதா.

ஃபிர்தௌஸ் இரண்டு கைகளையும் தூக்கினாள். கோட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. போதும் என்று யாரும் சொல்லாததால் கைகளை இறக்காமல் நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏழாவது லைன் பலகையில் பன்னிரண்டு மணிக் கட்டத்தில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.